காலை 8 மணி வகுப்பு, இரவு 11:59 கெடு

பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்தப் புலம்பல் வந்துவிடும்: "இப்போ படிக்கிற பசங்களுக்கு உடம்பைப் பத்தி அக்கறையே இல்லை." ராத்திரி பூரா முழித்திருக்கிறார்கள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடி வருகிறார்கள், படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தும் லிஃப்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள், இருபது வயதில் முதுகுவலி என்கிறார்கள். கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கறையே இல்லை என்று முடிக்கிறார்களே, அந்த முடிவுதான் தொண்டையில் சிக்கிய முள்ளாக எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம், இதே பிள்ளைகளை முதல் செமஸ்டரின் முதல் வாரத்திலும் நான் பார்க்கிறேன். பத்து மணிக்குத் தூங்கிப் பழகிய பெண், பள்ளி அணிக்காக ஓடிய பையன், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், இவர்கள்தான் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். அந்தச் செமஸ்டர் முடிவதற்குள் பாதிப் பேருக்கு மேல் கண்ணுக்குக் கீழே கருவளையம். குணம்தான் காரணம் என்றால், விலாசம் மாறியதும் குணம் எப்படி மாறும்?

சுதந்திரம் கிடைத்ததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் எழுப்பிவிட, சாப்பிடச் சொல்ல ஆள் இருந்தது, இங்கே இல்லை, அதனால் அவிழ்த்துவிட்டமாதிரி ஆகிவிட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதல் சில வாரங்களில் அது நன்றாகவே தெரியும். ஆனால் வீட்டிலிருந்தே வந்து போகிற மாணவர்களும் ஏறக்குறைய அதே மாதிரிதான் மாறுகிறார்கள். ஏற்கெனவே சில வருடம் வேலை பார்த்துத் தனியாக வாழ்ந்துவிட்டு மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்கும் அதே கதைதான், அவர்களுக்குச் சுதந்திரம் ஒன்றும் புதிதில்லை. அப்படியானால் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது, ஆனால் அது என்ன என்று எடுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

விழிப்புணர்வுக் கூட்டம்

ஒரு செமஸ்டரின் நடுவில் எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் நலம் குறித்து ஒரு கூட்டம் வைத்தார்கள். பேச வந்த மருத்துவர் நன்றாகவே பேசினார், குறை சொல்ல ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை எளிமையாகச் சொன்னார்: பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இல்லையென்றால் 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம். காய்கறி, பழம், தண்ணீர். உட்கார்ந்தே இருக்காதீர்கள், நடுநடுவே எழுந்து நடங்கள். முன்வரிசையில் இருந்த சிலர் அவர் சொல்வதற்கு முன்பே அடுத்த வரியை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக் காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமான விஷயம் அது.

கேள்வி நேரம் வந்தபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "டாக்டர், நீங்க சொன்னது எல்லாமே எங்களுக்குத் தெரியும். எப்போ செய்யறதுன்னு மட்டும் சொல்லுங்க." அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. மருத்துவரும் பொறுமையாக நேரத்தைத் திட்டமிடுவது பற்றி நாலு வார்த்தை சொன்னார், கூட்டம் முடிந்தது, எல்லோரும் கலைந்தார்கள்.

எனக்கு அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. வெளியே வராந்தாவில் அவளைப் பிடித்து, "ஏம்மா, உண்மையிலேயே தெரிஞ்சுக்கத்தான் கேட்டியா?" என்றேன். கையில் கருத்துப் படிவம் வைத்திருந்தாள். அதைத் திருப்பி, சுவரில் வைத்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். "என்னோட செவ்வாய்க்கிழமை மேடம்," என்றாள். குறை, புகார் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. வெறும் நேரங்கள்தான்.

விடுதி உணவுக்கூடம் காலை 7:30-க்குத் திறக்கும். வரிசையில் நின்று வாங்கி உட்காரவே 7:45 ஆகிவிடும். 8 மணி வகுப்பு நடக்கிற கட்டடம் இருபது நிமிட நடை. ஆக, செவ்வாயன்று ஒன்று சாப்பாடு, இல்லையென்றால் வகுப்பு. 8 முதல் 12 வரை அடுத்தடுத்து வகுப்புகள். மதியம் சாப்பிடுகிற நேரத்தில்தான் லேப் குழு கூடி அன்றைய சோதனைக்குத் தயார் செய்தாக வேண்டும், ஏனென்றால் குழுவில் நான்கு பேருக்கும் பொதுவாகக் காலியாக இருக்கிற ஒரே நேரம் அதுதான். 2 முதல் 5 வரை லேப், முடியும்போது பெரும்பாலும் 5:30. உடற்பயிற்சிக்கூடம் 6 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். 6 முதல் 9 வரை நூலகத்தில் பகுதிநேர வேலை, அந்தப் பணம் இல்லாமல் செலவு ஓடாது. இரவுச் சாப்பாடு 7-க்குத் தொடங்கி 8:30-க்கு முடிந்துவிடும். 9 மணிக்கு வேலை முடிந்து வரும்போது அந்த வட்டாரத்தில் திறந்திருப்பது நூலக வாசலில் இருக்கிற தானியங்கி இயந்திரம் ஒன்றுதான், அதில் பாக்கெட் தின்பண்டமும் இனிப்புப் பானமும் தவிர வேறு எதுவும் கிடைக்காது. 9:30 முதல் அசைன்மென்ட், கெடு இரவு 11:59. அறைத்தோழிக்கு வேறு துறை, காலையில் வகுப்பு கிடையாது, அவளுடைய விளக்கு அணைய ராத்திரி இரண்டு மணி ஆகிவிடும்.

எழுதி முடித்துவிட்டு மதியம் 1 முதல் 2 வரை இருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கட்டம் போட்டாள். "இந்த ஒரு மணி நேரம்தான் மேடம் என்னோடது. இதுல நான் தூங்கிடறேன்."

அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று மாலை அதை மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இதை முடிவு செய்தது யார் என்று எழுதிப் பார்த்தேன். உணவுக்கூடத்தின் நேரம் விடுதி நிர்வாகமும் ஒப்பந்தக்காரரும் பேசி வைத்தது. 8 மணி வகுப்பு, வகுப்பறை பற்றாக்குறையால் வந்தது. உடற்பயிற்சிக்கூடம் அங்கே வேலை செய்கிறவர்களின் பணி நேரத்தைப் பார்த்து மூடப்படுகிறது. 11:59 என்ற கெடுவை யாருமே யோசித்து வைக்கவில்லை. தேதியைப் போட்டதும் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்கிற நேரம் அது, எங்கள் துறையில் எல்லாப் பாடங்களுக்கும் அப்படியே இருந்தது. மேலிருந்து கீழ்வரை பார்த்ததில் அந்தப் பெண் தானாக முடிவு செய்தது என்று அந்தத் தாளில் இருந்தது அந்த ஒரு கட்டம் மட்டுமே. அதையும் அவள் உடம்பு கேட்டதற்குத்தான் கொடுத்திருக்கிறாள். இவளுக்கு அக்கறை இல்லை என்று இனி யார் சொன்னாலும் நான் சும்மா இருக்கப்போவதில்லை என்று அன்றைக்கே மனதில் பட்டுவிட்டது.

எண்ணம் இருக்கிறது, இடம்தான் இல்லை

அதற்கப்புறம் இது பற்றி நடந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். என் மனதில் ஆழமாகப் பதிந்தது 2002-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அடுத்த வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் நன்றாக வியர்க்கப் பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். முதல் குழுவுக்கு விசேஷமாக எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு இதய நோயின் ஆபத்தையும் உடற்பயிற்சியின் பலனையும் விளக்கும் கையேடு கொடுத்தார்கள். மூன்றாவது குழு அதே கையேட்டைப் படித்ததோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறேன் என்று எழுதியும் வைத்தது. முதல் குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். கையேடு மட்டும் படித்த குழுவில் 35 சதவீதம். எழுதி வைத்த குழுவில் 91 சதவீதம். கையேடு படித்தவர்களுக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நிஜமாகவே கூடியிருந்தது. ஆனால் எண்ணம் கூடியும் கால் நகரவில்லை.

இதைப் பலர், பார்த்தீர்களா, திட்டம் போட்டால் போதும், என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. அந்த மூன்றாவது குழுவால் ஒரு நாளும் நேரமும் இடமும் எழுத முடிந்திருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளை வைத்திருக்கிற பெண் அதில் என்ன எழுதுவாள்? செய்ய விருப்பம் வேண்டும், செய்யத் தெரிய வேண்டும், சரி, ஆனால் செய்வதற்கு ஒரு இடமும் வேளையும் இருக்க வேண்டும். விழிப்புணர்வுக் கூட்டங்கள் முதல் இரண்டைத்தான் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன, அவை ஏற்கெனவே பிள்ளைகளிடம் இருக்கிற சரக்கு.

பழக்கம் எப்படி உருவாகிறது என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு செயலைத் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், காலை உணவுக்குப் பிறகு என்பது போல, செய்துகொண்டே வந்தால் அது யோசிக்காமல் நடக்கிற அளவுக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது கேள்வி. நடுவாக 66 நாள் என்று வந்தது, ஆனால் ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை பரவிக் கிடந்தது. ஒரு நாள் தவறியதால் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை என்பதையும் கண்டார்கள். எல்லோரும் 66 என்ற எண்ணைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். பாடம் எடுக்கிற எனக்கு முதலில் கண்ணில் பட்டது "ஒரே சந்தர்ப்பத்தில்" என்பது. ஒரு செமஸ்டர் என்பது ஏறக்குறைய நான்கு மாதம். வகுப்பு அட்டவணை கைக்குப் பழகவே இரண்டு மூன்று வாரம். நடுவில் தேர்வு வாரம் வந்து எல்லாவற்றையும் கலைக்கும். திங்கட்கிழமை நாலு மணி வகுப்பு முடிந்ததும் மைதானத்துக்குப் போவது என்று ஒரு பையன் கஷ்டப்பட்டுப் பழக்கியிருப்பான், அது உடம்பில் ஊறுகிற சமயத்தில் செமஸ்டர் முடிந்துவிடும், அடுத்த அட்டவணையில் அந்த நாலு மணி வகுப்பே இருக்காது. வேலைக்குப் போகிறவருக்கு வருடக்கணக்கில் ஒரே நேரம் இருக்கிறது. மாணவருக்கு வாழ்க்கை நாலு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்டப்படுகிறது. இதை யாரும் பேசியே நான் கேட்டதில்லை.

தூக்கம்

எல்லாப் பழக்கத்துக்கும் அடியில் இருப்பது தூக்கம்தான் என்பது என் அபிப்பிராயம், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். இளவயதில் உடம்பின் உள்கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போகிறது. உள்கடிகாரத்தை ஆராய்கிற டில் ரோனெபெர்க்கின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, இரவில் தாமதமாகத் தூக்கம் வருகிற இந்தப் போக்கு இருபது வயதை ஒட்டித்தான் உச்சத்தைத் தொடுகிறது, அதன்பிறகு மெல்ல முன்னால் வர ஆரம்பிக்கிறது. பல்கலைக்கழகத்தில் இருக்கிற வயதும் சரியாக அதுதான். 10 மணிக்குப் படுத்தால் தூக்கம் வரவில்லை என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் சொன்னால் அவன் சாக்குச் சொல்லவில்லை, உடம்பு அப்படித்தான் இருக்கிறது. அந்த உடம்பைத்தான் நாம் காலை 8 மணிக்கு முதல் வரிசையில் உட்காரச் சொல்கிறோம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி 2023-இல் ஒரு ஆய்வு வந்தது. 20,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் கைபேசிகள் வளாகத்து வைஃபையில் எப்போது எங்கே இணைந்தன என்ற பதிவை வைத்து வகுப்பு வருகையைக் கணக்கிட்டார்கள். 8 மணி வகுப்புகளுக்கு வருகை குறைவு. வாரத்தில் காலை வகுப்பு அதிக நாள் இருந்தவர்களின் சராசரி மதிப்பெண்ணும் குறைவு. வராமல் தூங்கியவர்களை மட்டும் பேசிவிட்டு நிறுத்தக்கூடாது, எழுந்து வந்தவர்கள் தூக்கத்தை விட்டுக்கொடுத்துத்தான் வந்தார்கள்.

தூக்கம் குறைந்தால் மற்றதெல்லாம் வரிசையாகச் சரிகிறது. 2004-இல் ஈவ் வான் காட்டர் குழுவினர் ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேரை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்ததைச் சொல்கிற லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் இறங்கியது, பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் ஏறியது, பசி 24 சதவீதம் கூடியது. மாவுச்சத்தும் இனிப்பும் உப்பும் அதிகமான உணவின் மேல்தான் ஆசை அதிகமாகப் போனது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் விடிய விடிய அசைன்மென்ட் செய்துவிட்டுக் காலை பதினோரு மணிக்கு இனிப்பைத் தேடுகிறவளைப் பார்த்து நாக்கைக் கட்டு என்று சொல்வதற்கு முன்னால் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். களைப்புக்குக் காபி, காபியால் அடுத்த இரவும் தூக்கம் போகிறது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தாலே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013-இல் ஒரு ஆய்வு காட்டியது. அது கிட்டத்தட்ட நான்கு கோப்பை. தேர்வு வாரத்தில் அதைத் தாண்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2019-இல் வந்த முடிவை. ஒரு வேதியியல் வகுப்பு மாணவர்கள் செமஸ்டர் முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்கிற பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு நன்றாக, எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார்கள் என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது, மதிப்பெண் வித்தியாசத்தில் ஏறக்குறைய கால் பங்கைத் தூக்கத்தோடு பொருத்த முடிந்தது. ஆனால் தேர்வுக்கு முந்தின ஒரே ஒரு இரவு மட்டும் தூங்கியதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியவில்லை. நாளைக்குப் பரீட்சை, நேரத்தோடு தூங்கு என்று நாம் சொல்கிற அறிவுரை அந்த நேரத்தில் அவ்வளவாக உதவாது. அதற்கு முந்தைய வாரங்களில் அவர்களைத் தூங்கவிட்டிருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் யார்

செவ்வாய்க்கிழமைத் தாளில் அறைத்தோழியின் விளக்கும் ஒரு வரியாக இருந்தது. இந்த வயதில் கூட இருப்பவர்கள் எவ்வளவு தூரம் நம்மை மாற்றுகிறார்கள் என்பதைச் சோதித்துப் பார்ப்பது கடினம், ஒரே மாதிரி ஆட்கள்தான் சேர்ந்துகொள்கிறார்கள் என்று எப்போதும் சொல்லிவிடலாம். அமெரிக்க விமானப்படை அகாடமியில் யார் யாரோடு என்பதைக் குலுக்கல் மாதிரி நிர்வாகமே முடிவு செய்கிறது. அங்கே 2011-இல் வெளியான ஆய்வில், கூட இருப்பவர்கள் பள்ளிக் காலத்தில் எவ்வளவு உடல்தகுதியோடு இருந்தார்கள் என்பது இவர்களுடைய உடல்தகுதியைப் பாதித்தது, அதிலும் தகுதி மிகக் குறைந்த நண்பர்களின் பாதிப்பு அதிகமாக இருந்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு நேர் எதிராகப் பேசுகிறது: எடை அதிகமான அறைத்தோழி கிடைத்த முதலாண்டு மாணவிகளுக்கு எடை கூடியது குறைவு. அந்த அறைத்தோழிகள் எடையைக் குறைக்க முயற்சி செய்துகொண்டிருந்திருக்கலாம், பக்கத்தில் இருப்பவளுக்கும் அது ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். எனக்கு இந்த இரண்டாவது ஆய்வு ரொம்பப் பிடிக்கும். உருவத்தைப் பார்த்து இவளோடு சேர்ந்தால் இப்படித்தான் ஆவாய் என்று சொல்கிறவர்களுக்கு அதுவே பதில். ஒட்டிக்கொள்வது உடம்பு கிடையாது, செய்கை.

கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைவிட, என்ன செய்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம் என்பதும் பெரிய விஷயம். பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-லேயே ஒரு வளாகத்தில் இதைக் காட்டினார்கள்: மற்ற மாணவர்கள் குடியைப் பற்றித் தன்னைவிடத் தாராளமாக இருக்கிறார்கள் என்று பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், உண்மை அப்படி இல்லை. இதைப் படித்துவிட்டு என் வகுப்பில் பெயர் எழுதாத சீட்டில் இரண்டு எண் கேட்டேன், நீ எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், இந்த வகுப்பில் மற்றவர்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று நினைக்கிறாய். பிரித்துப் பார்த்தால், அநேகமாக எல்லாச் சீட்டிலும் இரண்டாவது எண் முதலாவதைவிடச் சின்னதாக இருந்தது. ஒவ்வொருத்தரும் தான்தான் அதிகம் தூங்குகிற சோம்பேறி, மற்றவர்கள் எல்லாம் முழித்துப் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தச் சீட்டுகளைப் பலகையில் எழுதிக் காட்டியபோது வகுப்பில் ஏற்பட்ட நிம்மதியை எந்தப் பேச்சாளராலும் கொண்டுவர முடியாது. பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு குரூப்ல மெசேஜ் போடறது யாரு?" என்று கேட்டான். முழித்திருக்கிற நாலு பேர் போடுகிற மெசேஜ்தான் தெரியும், தூங்குகிற ஐம்பது பேர் தூங்குவது யாருக்கும் தெரியாது.

தட்டும் பணமும்

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை, ஏனென்றால் இதில் விஷயம் நேரடியானது. எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் மனிதர்கள் சாப்பிடுகிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரி உணவகங்களில் 94,000-க்கும் மேற்பட்ட சாப்பாடுகளின் விற்பனையைப் பார்த்தார்கள், 2019-இல் முடிவு வந்தது. நாலில் ஒன்றாக இருந்த சைவ உணவை நாலில் இரண்டாக ஆக்கியதும் சைவ உணவின் விற்பனை 41 முதல் 79 சதவீதம் வரை கூடியது. யாருக்கும் பாடம் எடுக்கவில்லை, சுவரொட்டி ஒட்டவில்லை, எதையும் தடை செய்யவும் இல்லை.

பணம் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2018-இல் அதுவரை வந்த 31 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் போதிய உணவு உறுதியில்லாமல் இருந்தார்கள். பணக்கார நாட்டிலேயே இப்படி. காலையில் சாப்பிடாமல் வருகிறவன் நேரமாகிவிட்டது என்று சொல்வான், கையில் பணம் இல்லை என்று சொல்லமாட்டான். வேலைக்குப் போய்ப் படிக்கிறவர்களுக்குத் தூக்கத்தை விற்றுத்தான் சாப்பாடு வாங்க வேண்டியிருக்கிறது. இவர்களிடம் போய்ப் பழம் சாப்பிடு என்று சொல்வதில் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2015-இல் கனடாவில் கூடிய கல்வியாளர்கள் ஒகனாகன் சாசனம் என்று ஒன்றை ஏற்றார்கள். வளாகத்தின் நிர்வாகம், பாடத்திட்டம், கொள்கை என எல்லா முடிவிலும் உடல்நலம் ஓர் அங்கமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது அட்டவணை போடுகிறவரும் கெடு வைக்கிறவரும் சாவி வைத்திருக்கிறவரும் மருத்துவரைப் போலவே இதில் பொறுப்பாளிகள். நான் அதை முழுமனதாக ஏற்கிறேன்.

மாற்றிப் பார்த்தது

என் கைக்கு எட்டியது கெடு மட்டும்தான், அதனால் அதிலிருந்து தொடங்கினேன். துறையில் பேசி, என் பாடத்தின் கெடுவை இரவு 11:59-லிருந்து மாலை 6-க்கு மாற்றினேன். வகுப்பில் அறிவித்தபோது நிறையப் பேருக்குச் சந்தோஷம். ஆனால் அன்றைக்கே பகலில் வேலைக்குப் போகிற ஒரு மாணவர், என்னைவிடச் சில வயதுதான் இளையவர், அறைக்கு வந்து உட்கார்ந்தார். "மேடம், நான் வீட்டுக்குப் போறதே ஏழு மணி ஆகும். பிள்ளைங்க தூங்கினப்புறம் ஒன்பதரைலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும்தான் எனக்குப் படிக்கிற நேரம். மத்தவங்களுக்கு நல்லது செஞ்சிருக்கீங்க, எனக்கு இருந்த ஒரே நேரத்தையும் எடுத்துட்டீங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு நல்ல மணி நேரம் என்று ஒன்று கிடையாது என்பது அவரிடமிருந்துதான் எனக்குக் கிடைத்தது.

இப்போது செமஸ்டர் தொடங்கும்போதே ஒவ்வொருவரும் தனக்கான கெடு நேரத்தைச் சொல்லிவிட வேண்டும், நாள் ஒன்றுதான், மணி மட்டும் அவரவர் விருப்பம். பெரும்பாலானவர்கள் மாலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 11:59-ஐயே வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமைப் பெண் இரவு 10 மணி போட்டாள், வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவைக்க அது தோது என்றாள். கூடுதல் வேலை எனக்கு ஒன்றுமில்லை, நான் எப்படியும் மறுநாள் காலையில்தான் திருத்த உட்காருகிறேன்.

8 மணி வகுப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வகுப்பறை போதவில்லை என்ற பதில் பொய்யும் இல்லை. முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்காவது வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் 8 மணி வகுப்பு விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், அட்டவணைக் குழுவில் அது நிற்கிறது. உடற்பயிற்சிக்கூடத்தை 9 மணி வரை திறந்துவைக்க ஒப்புக்கொண்டார்கள், மாலையில் பொறுப்பேற்க மாணவர்களையே சம்பளத்துக்கு வைப்பதாக ஏற்பாடு. இரவு 10 வரை சூடாகச் சாப்பிட ஒரு கவுண்டர் வேண்டும் என்று கேட்டதற்கு, எத்தனை பேர் வந்து வாங்குவார்கள் என்று ஒப்பந்தக்காரர் கணக்குக் கேட்டிருக்கிறார். நூலகத்தில் மாலை வேலை பார்க்கிற மாணவர்கள் இந்த வாரம் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.